அரசு வேலையா, தனியார் வேலையா, எதில் மனநிறைவு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள், அவர்களுடைய பெற்றோர், தனியாரில் என்னோடு வேலை பார்த்த பழைய நண்பர்கள், இப்போது அரசு அலுவலகத்தில் பக்கத்து மேசையில் இருப்பவர்கள் என்று பலரும் என்னிடம் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். பாதி பதில் சொல்வதற்குள் யாராவது டீ குடிக்கக் கூப்பிட்டுவிடுவார்கள். அதனால் எழுதி வைத்துவிட்டேன். இங்கே பேசுவது தமிழ்நாட்டு நிலவரம். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே போட்டிருக்கிறேன்.

கவர்மெண்ட்ல இருக்கறவங்க எல்லாம் சந்தோஷமா இருக்காங்களா? தனியார்ல இருக்கறவங்க எல்லாம் நொந்து போயிருக்காங்களா?

இரண்டும் இல்லை. முதலில் இரண்டு விஷயங்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். வேலை போய்விடுமோ என்ற பயம் இல்லாமல் இருப்பது ஒன்று. காலையில் கிளம்பும்போது வேலைக்குப் போகப் பிடித்திருப்பது இன்னொன்று. நம் ஊரில் இரண்டையும் ஒன்றாகக் குழப்பித்தான் பேசுகிறோம்.

ஹெர்ஸ்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளர் 1950களின் கடைசியில் பிட்ஸ்பர்க் பகுதியில் சுமார் இருநூறு பொறியாளர்களையும் கணக்காளர்களையும் பேட்டி எடுத்தார். சம்பளம், பாதுகாப்பு, விதிமுறைகள், மேலதிகாரியின் நடத்தை இவையெல்லாம் மோசமாக இருந்தால் ஆளை வெறுப்பேற்றும். ஆனால் இவை நன்றாக இருந்துவிட்டால் மட்டும் வேலை இனித்துவிடாது. வேலையில் சாதித்தது, பொறுப்பு கிடைத்தது, நாலு பேர் பாராட்டியது இவைதான் இனிப்பைத் தருகின்றன என்றார். அவருடைய முறையில் குறை கண்டவர்கள் உண்டு. ஆனாலும் இந்தப் பிரிவினை நம் அலுவலகங்களுக்கு அப்படியே பொருந்துகிறது. அரசு வேலை முதல் பங்கை நன்றாகத் தருகிறது, இரண்டாவது பங்கு ஆளுக்கு ஆள், சீட்டுக்குச் சீட்டு மாறும். தனியாரில் இரண்டுமே நிறுவனத்தைப் பொறுத்தது.

கோழி மேய்ச்சாலும் கவர்மெண்டுல மேய்க்கணும்னு பெரியவங்க சொல்றாங்களே, அது இன்னைக்கும் சரியா?

சொன்னவர்கள் காரணத்தோடுதான் சொன்னார்கள். அவர்கள் காலத்தில் மாதச் சம்பளம் என்ற ஒன்று வருவதே பெரும்பாலும் அரசிடமிருந்துதான். வெளியே விவசாயக் கூலி, கடை, பட்டறை. அதோடு ஒப்பிட்டால் தேதி தவறாத சம்பளமும் ஓய்வூதியமும் பெரிய விஷயம்.

இன்றைக்கும் ஆசை குறையவில்லை. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் (டி.என்.பி.எஸ்.சி.) 2024-ல் நடத்திய குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவித்த இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். பத்தாம் வகுப்பு போதும் என்ற தேர்வுக்குப் பொறியியல் முடித்தவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். இதிலிருந்து தெரிவது அரசு வேலையின் இனிமையைவிட, வெளியே கிடைக்கும் வேலைகளின் மீது இளைஞர்களுக்கு இருக்கும் அவநம்பிக்கை என்றுதான் நான் நினைக்கிறேன்.

சம்பளத்துல எது மேல?

எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. குரூப் 4 மூலம் வரும் இளநிலை உதவியாளரின் தொடக்க அடிப்படை ஊதியம் 19,500 ரூபாய். 2025 ஜூலைக் கணக்குப்படி 58% அகவிலைப்படி 11,310 ரூபாய். இதுவே 30,810. வீட்டு வாடகைப்படி முதலானவை தனி. பட்டம் முடித்துவிட்டு வரும் ஒருவருக்கு மாவட்டத் தலைநகரில் ஒரு தனியார் அலுவலகமோ ஜவுளிக்கடையோ முதல் மாதமே இதைத் தருவது அபூர்வம். அலுவலக உதவியாளர், ஓட்டுநர் போன்ற பணிகளில் இடைவெளி இன்னும் அதிகம்.

மேலே போகப் போகக் கதை தலைகீழாகிறது. பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருப்பவர், கூடப் படித்தவன் சென்னையின் ஐ.டி. பகுதியான சோழிங்கநல்லூரில் வாங்கும் சம்பளத்தைக் கேட்டுப் பெருமூச்சு விடுவார். அரசு மருத்துவருக்கும் அதே நிலைமை. மனிதனுக்குத் திருப்தி தருவது வாங்கும் தொகை மட்டுமில்லை, யாரோடு ஒப்பிடுகிறான் என்பதும் சேர்ந்துதான். பிரிட்டன் தொழிலாளர்களை ஆராய்ந்து கிளார்க்கும் ஆஸ்வால்டும் 1996-ல் எழுதியதும் இதுவே: தன்னைப் போன்றவர்கள் வாங்குவது கூடக்கூட, தன் சம்பளத்தின் மீதான திருப்தி குறைகிறது. அரசு அலுவலகத்தில் கடைநிலை ஊழியர் கலகலப்பாகவும் அவருடைய அதிகாரி சிடுசிடுப்பாகவும் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் சந்தேகம்.

பென்ஷன் இருக்கே, அது ஒண்ணு போதாதா?

எல்லோருக்கும் பழைய பென்ஷன் இருப்பதாக இன்னமும் பலர் நினைக்கிறார்கள். 2003 ஏப்ரல் 1 முதல் தமிழ்நாடு அரசில் சேர்ந்தவர்கள் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் வந்தவர்கள். அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 10% பிடித்தார்கள், அரசும் அதே அளவு போட்டது. அந்தத் திட்டத்தில், ஓய்வு பெற்றபின் மாதம் இவ்வளவு வரும் என்ற உறுதி இருக்கவில்லை. ஒரே அறையில், ஒரே வேலையைச் செய்யும் இரண்டு பேரில் ஒருவருக்குப் பழையது, இன்னொருவருக்குப் புதியது. அரசு ஊழியர்களின் மனக்குறையில் பெரும்பங்கு இங்கேதான் இருக்கிறது. ஓய்வூதிய விதிகள் ஆட்சிக்கு ஆட்சி மாறக்கூடியவை, சேரும்போது அன்றைய அரசாணையைப் பாருங்கள்.

தனியாரில் பி.எஃப். இருந்தால் ஊழியர் 12%, நிறுவனம் 12%. நிறுவனத்தின் பங்கிலிருந்து 8.33% ஓய்வூதியக் கணக்குக்குப் போகிறது. ஆனால் அது 15,000 ரூபாய் சம்பளத்துக்கு மட்டுமே கணக்கிடப்படுவதால் மாதம் 1,250 ரூபாயோடு நின்றுவிடும். 2014 முதல் குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாய். அதை வைத்துக்கொண்டு மருந்துக் கடைக்கு ஒருமுறை போய் வரலாம்.

இவ்வளவு இருந்தும் அரசு ஊழியர்கள் ஏன் அடிக்கடி போராட்டத்துல இறங்குறாங்க?

கையில் இருந்ததை எடுக்கும்போது வரும் கோபம், இல்லாததற்காக வருவதைவிடப் பெரியது. 2003 ஜூலை வேலைநிறுத்தம் சலுகைகள் குறைக்கப்பட்டதை எதிர்த்துத்தான் நடந்தது. சுமார் 1.7 லட்சம் பேரை அரசு ஒரேயடியாக டிஸ்மிஸ் செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியருக்கு அடிப்படை உரிமை கிடையாது என்று அந்த ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துத்தான் பெரும்பாலானவர்கள் திரும்ப உள்ளே வந்தார்கள். அன்று கடிதம் எழுதியவர்களில் பலர் அதைப் பற்றி இன்றும் பேச விரும்புவதில்லை. 2019 ஜனவரியில் ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ நடத்திய வேலைநிறுத்தத்தின் முதல் கோரிக்கை, முந்தைய பதிலில் சொன்ன பங்களிப்பு ஓய்வூதியத்தை ரத்து செய்வது.

வெளியே இருப்பவருக்கு இது பேராசையாகத் தெரியும். ஆனால் தனியாரில் பிடிக்கவில்லையென்றால் வேறு நிறுவனம் தேடலாம். கிராம நிர்வாக அலுவலர் வேறு எந்த நிறுவனத்தில் போய் கிராம நிர்வாக அலுவலராக இருப்பார்? வெளியேற வழி இல்லாத இடத்தில் குரல்தான் மிச்சம்.

அரசு ஆபீஸ்ல வேலையே இருக்காதாமே, அப்புறம் என்ன மனக்கஷ்டம்?

வேலை இருக்கிறது, ஆனால் சமமாக இல்லை. ஒரே கலெக்டர் அலுவலகத்தில் ஒரு பிரிவில் மூன்று மணிக்கு மேல் ஆட்கள் கதை பேசுவார்கள், இன்னொரு பிரிவில் இரவு ஒன்பது மணிக்கும் விளக்கு எரியும். காலிப் பணியிடம் நிரப்பாத இடத்தில் ஒருவர் இரண்டு மூன்று சீட் பார்ப்பார். அதற்கு மேல் தேர்தல் பணி, வெள்ள நிவாரணம், ஜமாபந்தி, திங்கட்கிழமை குறைதீர் கூட்டம். கிராம நிர்வாக அலுவலருக்கு இரண்டாவது கிராமம் கூடுதல் பொறுப்பாக வருவது சர்வசாதாரணம்.

வேலை இல்லாத சீட் சொர்க்கம் என்று நினைக்காதீர்கள். எதற்காக வருகிறோம் என்றே தெரியாத நாட்கள் மனிதனை வேகமாக அரிக்கும். அதைவிடக் கஷ்டம், முடிவெடுக்கும் அதிகாரம் இல்லாமல் மக்களின் கோபத்தை மட்டும் வாங்குவது. பட்டா மாறுதல் ஏன் நிற்கிறது என்று கவுண்டரில் கத்துபவருக்கு, ஃபைல் மேலே இருக்கிறது என்று சொல்ல மட்டுமே அந்த இளநிலை உதவியாளரால் முடியும். அதே கவுண்டரில் ஒரு விதவைக்கு உதவித்தொகை ஆணை கிடைக்கும்போது வருகிற நிறைவும் உண்டு. அது தனியாரில் எனக்குக் கிடைக்கவேயில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தனியார்ல திறமைக்கு மதிப்பு இருக்கும்ல?

இருக்கும் இடத்தில் இருக்கும். சின்ன நிறுவனத்தில் முதலாளியின் கண்ணில் பட்டால் இரண்டே வருடத்தில் பொறுப்பு தருவார்கள். அரசில் அதற்குத் துறைத் தேர்வு, சீனியாரிட்டி, பேனல் எனப்படும் பதவி உயர்வுப் பட்டியல் என்று பல வருடம் காத்திருக்க வேண்டும். 17-பி என்ற ஒழுங்கு நடவடிக்கைக் குற்றச்சாட்டு ஒன்று நிலுவையில் இருந்தால் அந்த வருடப் பேனலில் பெயர் வராது, குற்றமே நிரூபணம் ஆகாவிட்டாலும்.

பெரிய நிறுவனங்களின் அப்ரைசலில் வேறு சிக்கல். குழுவில் இத்தனை பேருக்குத்தான் நல்ல ரேட்டிங் என்று முன்கூட்டியே பிரித்துவிட்டால், எல்லோரும் நன்றாக வேலை செய்தாலும் யாரோ ஒருவர் கீழே போக வேண்டும். ஆக, ஒரு பக்கம் திறமையைப் பார்க்காத சீனியாரிட்டி, இன்னொரு பக்கம் திறமையை அளக்கிறேன் என்று சொல்லி மேனேஜரின் விருப்பத்தை அளக்கும் ரேட்டிங். சீனியாரிட்டியில் வயிற்றெரிச்சல் குறைவு என்பது என் கணிப்பு. அடுத்து யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

பெரிய கம்பெனில சேர்ந்துட்டா அதுவும் கவர்மெண்ட் வேலை மாதிரிதானே?

டி.சி.எஸ்.-ஐப் பற்றி ரொம்ப காலம் அப்படித்தான் பேசினார்கள். 2025 ஜூலையில் அந்த நிறுவனமே தன் ஊழியர்களில் 2%, அதாவது சுமார் 12,000 பேரைக் குறைக்கப் போவதாக அறிவித்தது. பாதிப்பு பெரும்பாலும் நடுநிலை, மேல்நிலைப் பதவிகளில் இருந்தவர்களுக்கு. வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருக்கும் வயது அது.

பேங்க் வேலை எந்தப் பக்கம் சேரும்?

நியமனமும் சம்பளமும் அரசுப் பக்கம், டார்கெட் தனியார் பக்கம். பொதுத்துறை வங்கியில் இருப்பவர்கள் இன்சூரன்ஸ் பாலிசி விற்கச் சொல்லும் நெருக்கடியையும் வெளி மாநில டிரான்ஸ்ஃபரையும் பற்றித்தான் அதிகம் புலம்புகிறார்கள்.

மேலதிகாரி சரியில்லைன்னா எந்த வேலையும் நரகம்தான்னு சொல்றாங்க. அவ்வளவு முக்கியமா அது?

ஆமாம். அதற்கும் அடியில் ஒன்று இருக்கிறது: தன் வேலையைத் தானே தீர்மானிக்கும் சுதந்திரம் எவ்வளவு என்பது. லண்டன் அரசு ஊழியர்களை வைத்து 1967-ல் தொடங்கிய ஒயிட்ஹால் ஆய்வைச் சொல்லலாம். எல்லோரும் அரசு ஊழியர்கள், யாரும் பட்டினி கிடப்பவர்கள் இல்லை. ஆனாலும் கடைசிப் படியில் இருந்த ஆண்கள் இதயநோயால் இறந்த விகிதம் மேல்படியில் இருந்தவர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. புகைப்பழக்கம் போன்றவற்றைக் கழித்துப் பார்த்தபிறகும் பெரிய வித்தியாசம் மிஞ்சியது. 1985-ல் தொடங்கிய இரண்டாவது ஆய்வில் மைக்கேல் மார்மட் குழுவினர், தன் வேலையின் மீது கட்டுப்பாடு குறைவாக இருப்பவர்களுக்கு இதயநோய் ஆபத்து கூடுதல் என்று கண்டார்கள்.

அரசா தனியாரா என்று கேட்பதற்கு முன், அந்த வேலையில் எந்த இடம் என்று கேட்க வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பது இதனால்தான். இரண்டு துறைகளுக்கு நடுவே இருக்கும் தூரத்தைவிட, ஒரே கட்டடத்தின் தரைத்தளத்துக்கும் மாடிக்கும் நடுவே இருக்கும் தூரம் சில சமயம் அதிகம்.

பொண்ணுங்களுக்கு எது நல்லது?

விடுப்பை மட்டும் பார்த்தால் அரசுதான். தமிழ்நாடு அரசு ஊழியருக்கு 2021 ஜூலை முதல் மகப்பேறு விடுப்பு 12 மாதம். தனியாருக்கான மத்தியச் சட்டம் 2017 திருத்தத்துக்குப் பிறகு தருவது 26 வாரம். அதையும் கொடுக்க வேண்டாம் என்பதற்காகவே கல்யாணம் எப்போது என்று நேர்முகத்தில் கேட்கும் நிறுவனங்கள் உண்டு.

கடைகளில் நிலைமை வேறு. பெரிய ஜவுளிக்கடைகளில் பத்து, பன்னிரண்டு மணி நேரம் நின்றபடியே வேலை செய்த பெண்களுக்கு உட்காரும் உரிமை தமிழ்நாட்டில் 2021-ல் ஒரு சட்டத் திருத்தத்தின் மூலம்தான் கிடைத்தது. கேரளம் அதற்கு முன்பே கொண்டுவந்திருந்தது. நாற்காலி இப்போது இருக்கிறது, உட்கார்ந்தால் சூப்பர்வைசர் பார்க்கும் பார்வை மாறிவிட்டதா என்பதை அடுத்த முறை புடவை எடுக்கப் போகும்போது கவனியுங்கள்.

அரசிலும் எல்லாம் சுகமில்லை. கணவர் ஒரு மாவட்டம், மனைவி ஒரு மாவட்டம் என்று டிரான்ஸ்ஃபருக்காக வருடக்கணக்கில் அலைகிற குடும்பங்களை எனக்குத் தெரியும். கழிப்பறை சரியில்லாத அலுவலகங்களைப் பற்றித் தனியாக ஒரு பக்கமே எழுதலாம்.

கான்ட்ராக்ட்ல கவர்மெண்ட் ஆபீஸ்ல வேலை கிடைச்சிருக்கு. அது கவர்மெண்ட் வேலைதானே?

கட்டடம் மட்டும்தான் அரசு. மேலே சொன்ன ஊதிய விகிதம், விடுப்பு, ஓய்வூதியம் எதுவும் தானாக வராது. 2012-ல் அரசுப் பள்ளிகளில் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். ஓவியம், உடற்கல்வி, கணினி சொல்லித் தருபவர்கள். நிரந்தரம் ஆக்குங்கள் என்ற அவர்களின் கோரிக்கை பத்து வருடத்துக்கு மேல் தெருவில் நின்றது. டாஸ்மாக் ஊழியர்கள் 2003 முதல் தொகுப்பூதியத்தில். நெய்வேலி நிலக்கரி நிறுவன ஒப்பந்தத் தொழிலாளர்களின் கதை இன்னும் பழையது.

2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்னால் தூய்மைப் பணியாளர்கள் இரவு பகலாக உட்கார்ந்ததை நினைத்துப் பாருங்கள். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களைத் தனியாரிடம் கொடுத்ததுதான் பிரச்சினை. அதே தெரு, அதே குப்பை. ஆனால் மாநகராட்சியிடமிருந்து ஒப்பந்த நிறுவனத்துக்குப் போனால் சம்பளம் பல ஆயிரம் குறையும், என்றாவது நிரந்தரம் ஆகலாம் என்ற நம்பிக்கையும் போய்விடும் என்று அவர்கள் பயந்தார்கள். ஆகஸ்ட் 13 இரவு போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. அரசு, தனியார் என்ற கோட்டைவிட நிரந்தரம், ஒப்பந்தம் என்ற கோடு ஆழமானது. மனநிறைவைப் பற்றிய பேச்சில் இந்த மக்களை யாரும் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

அரசு ஊழியர்கள்தான் அதிகத் திருப்தியோட இருக்காங்கன்னு சர்வே எல்லாம் வருதே, நம்பலாமா?

யாரிடம், எப்படிக் கேட்டார்கள் என்று பாருங்கள். எம்.பி.ஏ. ப்ராஜெக்டுக்காக ஐந்து கட்டம் போட்ட கேள்வித்தாளோடு பிள்ளைகள் வருவார்கள். கண்காணிப்பாளர் முன்னாலேயே நிரப்பச் சொன்னால் எல்லோரும் ‘திருப்தி’யில்தான் டிக் அடிப்பார்கள். நேரமில்லாத நாளில் ஒருவரே பத்துத் தாளையும் வேறு வேறு பேனாவில் நிரப்பிக் கொடுப்பதும் நடக்கிறது.

ஒழுங்காக எடுத்த சர்வேயிலும் ஒரு பொறி உண்டு. தனியாரில் வெறுத்தவர்கள் வேலையை விட்டுப் போய்விடுவார்கள், மிச்சம் இருப்பவர்களிடம்தான் கேட்கிறோம். அரசில் வெறுத்தவரும் அங்கேயே இருப்பார். அதனால் அரசுப் பக்கம் திருப்தி குறைவாக வந்தால் வேலை மோசம் என்று அர்த்தமாகாது. யாரும் ராஜினாமா செய்வதில்லை என்பதால் எல்லோரும் மகிழ்ச்சி என்றும் அர்த்தமாகாது.

ஐ.டி.ல நல்ல சம்பளம். ஆனா வேலை பிடிக்கல. விட்டுட்டு முழுநேரமா டி.என்.பி.எஸ்.சி. படிக்கலாமா?

வேலையை விடாமல் ஒருமுறை தேர்வு எழுதிப் பாருங்கள் என்பதுதான் என் பதில். 2001 முதல் 2006 வரை தமிழ்நாடு அரசு பெரும்பாலான பணிகளுக்கு ஆள் எடுப்பதை நிறுத்தி வைத்திருந்தது. அந்தக் காலத்தை ஆராய்ந்த பொருளாதார ஆய்வாளர் குணால் மங்கல் கண்டது வருத்தமானது. இடம் குறைந்ததும் இளைஞர்கள் வேறு வேலைக்குப் போய்விடவில்லை, இன்னும் நீண்ட காலம் படித்துக்கொண்டே இருந்தார்கள். அந்த வருடங்களின் இழப்பு பிற்காலத்திலும் ஈடாகவில்லை.

இன்னொன்றையும் சோதித்துக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பிடிக்காதது வேலையா, மேனேஜரா, இரவு ஷிஃப்டா? மேனேஜர் என்றால் டீம் மாறினாலே தீரும். யாரோ எழுதிய விதிக்குள் அடங்கி நடப்பதே பிடிக்காது என்றால், அரசு அலுவலகம் உங்களுக்கு இன்னும் மூச்சுமுட்டும்.

தனியார்ல இருக்கறதால பொண்ணு தர மாட்டேங்கறாங்க. இதுக்காகவாவது அரசு வேலைக்குப் போகணுமா?

கேட்டவர் சிரித்துக்கொண்டே கேட்டார், ஆனால் விளையாட்டாகக் கேட்கவில்லை. பெண் வீட்டார் தேடுவது முதல் பதிலில் சொன்ன பயமில்லாத நிலையை. சேமிப்பு, சொந்தத் தொழில், மருத்துவக் காப்பீடு என்று அதை வேறு வழியிலும் காட்டலாம். ஒத்துக்கொள்வார்களா என்பது அந்தந்த வீட்டைப் பொறுத்தது.

அரசுல சேர்ந்து பத்து வருஷம் ஆச்சு. சம்பளம் வருது, ஆனா வெறுத்துப்போச்சு. என்ன செய்யறது?

வேலையை விடுவதற்கு முன் சீட்டை மாற்றிக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். கோப்பு மட்டும் பார்ப்பவர் மக்களைச் சந்திக்கும் பிரிவுக்கு, கவுண்டரில் களைத்தவர் கணக்குப் பிரிவுக்கு என்று போனதுமே முகம் தெளிந்தவர்கள் இருக்கிறார்கள். மாற்றுப்பணியில் வேறு துறைக்கோ வாரியத்துக்கோ போகலாம். துறைக்குத் தெரிவித்துவிட்டு மேல்நிலைத் தேர்வுகளை எழுதலாம். வருகிற ஈட்டிய விடுப்பை எல்லாம் சரண்டர் செய்து காசாக்காமல் கொஞ்சத்தை உண்மையாகவே விடுப்பாக எடுங்கள்.

தனியார்லயே இருந்துடறேன்னு முடிவு பண்ணிட்டேன். நிம்மதியா இருக்க என்ன வழி?

காகிதங்களில் தொடங்குங்கள். நியமனக் கடிதம் கையில் இருக்க வேண்டும். சம்பளத்தில் பிடித்த பி.எஃப். உண்மையிலேயே கட்டப்படுகிறதா என்று பாஸ்புக்கில் மாதாமாதம் பாருங்கள். சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ. அட்டை கேளுங்கள். சி.டி.சி. என்று சொல்லும், நிறுவனம் உங்களுக்காகச் செலவிடும் மொத்தத் தொகையில் கைக்கு வருவது எவ்வளவு, நிச்சயமில்லாமல் மாறும் வேரியபிள் பே எவ்வளவு என்று சேரும் முன்பே பிரித்துக் கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

அப்புறம், தனியாகப் பேச முடியாததைச் சேர்ந்து பேசலாம். 2024 செப்டம்பர் 9-ல் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஊர் அளவுகோலில் அது நல்ல சம்பளம் தரும் வேலை. ஊதியம், வேலை நேரம் என்று பல கோரிக்கைகள் இருந்தாலும் முன்னால் நின்றது எங்கள் சங்கத்தை அங்கீகரி என்பதுதான். ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தது. சங்கம் 2025 ஜனவரியில் பதிவானது. உங்கள் இடத்தில் சங்கம் இல்லையென்றால், குறைந்தபட்சம் உள்புகார்க் குழு இருக்கிறதா, அதில் யார் யார் என்றாவது தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லைக்கான உள்புகார்க் குழு சட்டப்படி இருந்தே ஆக வேண்டும். பல இடங்களில் அந்தப் பட்டியல் பழைய மேனேஜர் பெயரோடு பலகையில் வெளுத்துக் கிடக்கும். புதுப்பிக்கச் சொல்லி ஒரு மின்னஞ்சல் அனுப்பலாம்.